எரிசாராயத்தின் ஏற்றுமதிக் கணக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதமும் கூடவே அனுப்பியிருந்த அட்டவணையும் கிடைத்தன. வகுப்பில் பலரும் ஆயத்த ஆடை, மென்பொருள் என்று போயிருக்க, நீ தொழிற்சாலைகளுக்குப் போகும் எரிசாராயத்தை, அதாவது எத்தனாலை, ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய். கேட்டதும் மனம் நிறைந்தது. நான் நிறைய ரசாயனச் சரக்குகளின் ஏற்றுமதித் தாள்களைப் பார்த்திருக்கிறேன். கரும்பு விவசாயி, வரித்துறை, பெட்ரோல் பங்க், மதுவிலக்கு அதிகாரி என்று இத்தனை பேர் கைவைக்கும் சரக்கு இதைப்போல் இன்னொன்று இல்லை.

நீ கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: கரும்பு விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இந்தியா அமெரிக்காவிலிருந்து எத்தனால் வாங்குகிறது, நம்மைவிட மிகக் குறைவாகக் கரும்பு போடும் பாகிஸ்தான் ஐரோப்பாவுக்கு விற்கிறது. இது எப்படி?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு விரிக்கிறேன். எரிசாராயத்தில் ஏற்றுமதி எண்ணை வைத்து உற்பத்தித் திறனை அளக்க முடியாது. உள்நாட்டில் அந்தச் சாராயத்துக்கு யார் யார் போட்டி போடுகிறார்கள், அரசு அவர்களில் யாருக்கு முதலிடம் கொடுத்திருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் கப்பலேறும். ஆகவே வரைபடத்தில் கோடு ஏறி இறங்கும் இடங்களில் எல்லாம் விளைச்சலைத் தேடாதே. முதலில் அரசாணையைத் தேடு.

மூலப்பொருளிலிருந்து தொடங்குவோம். 1 டன் கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தபின் சுமார் 45 கிலோ கழிவுப்பாகு மிஞ்சும். ஆலைக்காரர்கள் மொலாசஸ் என்பார்கள். கறுப்பாக, பிசினாக, இனிப்போடு ஒரு கசப்பும் சேர்ந்த வாடையோடு தொட்டியில் கிடக்கும். 1 டன் மொலாசஸை ஈஸ்ட் விட்டு நொதிக்க வைத்து வடித்தால் ஏறக்குறைய 220 லிட்டர் எரிசாராயம் கிடைக்கும். ஆக, 1 டன் கரும்பின் கழிவிலிருந்து சுமார் 10 லிட்டர். சர்க்கரையை முழுதும் எடுக்காமல் கொஞ்சம் பாகிலேயே விட்டுவைத்தால், அதாவது பி-ஹெவி மொலாசஸாக எடுத்தால், டன்னுக்கு 300 லிட்டர்வரை வரும். கரும்புச் சாற்றையே நேராக நொதிக்க வைத்தால் 1 டன் கரும்பு 70 லிட்டர் தரும், ஆனால் சர்க்கரை கிடையாது. இந்த மூன்று வழிகளில் எதை ஆலை எடுக்கலாம் என்பதை இந்தியாவில் பெருமளவு மத்திய அரசே முடிவு செய்கிறது. 2023 டிசம்பர் 7 அன்று, மழை குறைந்து சர்க்கரை விலை ஏறிவிடுமோ என்ற அச்சத்தில், சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை வந்தது. ஒரே வாரத்தில் அதைத் தளர்த்தி, 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்கு மட்டும் திருப்பிக்கொள்ளலாம் என்றார்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்த பருவத்துக்குத் தடையை நீக்கினார்கள். ஒரு டிஸ்டில்லரி மேலாளர் இந்த ஒன்பது மாதங்களை எப்படிக் கடந்திருப்பார் என்று யோசித்துப் பார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க அவருக்குத் துணிவு வருமா?

வடித்தல் பற்றியும் ஒரு செய்தி உனக்குத் தேவை. எவ்வளவு உயரமான வடிகோபுரம் கட்டினாலும், சாதாரண வடித்தலில் சாராயம் கொள்ளளவில் 96, 97 விழுக்காட்டோடு நின்றுவிடும். மீதித் தண்ணீர் ஆவியிலும் கூடவே ஏறிவரும். பெட்ரோலில் கலக்க வேண்டுமானால் மாலிக்யுலர் சீவ் என்ற மூலக்கூறு சல்லடை வழியே அனுப்பி அந்தத் தண்ணீரையும் நீக்கிவிட வேண்டும். மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் இஎன்ஏ எனப்படும் மிகத் தூய ரகம் வேண்டும். சாயம், மை, கரைப்பான் தொழில்களுக்கு அவ்வளவு தூய்மை தேவையில்லை. ஒரே ஆலையிலிருந்து மூன்று ரகமும் வரலாம். ஆகவே ‘எத்தனால் ஏற்றுமதி’ என்று ஒற்றை வரியில் கிடைக்கும் எண்ணை நம்பி எதையும் எழுதாதே.

உன் அட்டவணையில் நான் சிவப்பு மையில் சுழித்திருக்கும் இடமும் அதுதான். 2207 என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறாய். சுங்கத்தின் எச்.எஸ். குறியீட்டில் 2207.10 என்பது 80 விழுக்காடும் அதற்கு மேலும் வீரியமுள்ள, எதுவும் கலக்காத சாராயம். 2207.20 என்பது குடிக்க முடியாதபடி எதையாவது கலந்த டினேச்சர்டு ஸ்பிரிட், அது எந்த வீரியமானாலும் சரி. பாட்டிலில் போகும் மதுவகை 2208. மெத்தனாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வேறொரு வீட்டுப் பிள்ளைகள். அவை 2905-இல் இருக்கும். 2207.10-இல் போகும் சரக்கு மருந்தாலைக்கும் போகலாம், மதுவாலைக்கும் போகலாம். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. கானா, கென்யா என்று ஆப்பிரிக்க நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து போன இஎன்ஏ-வின் பெரும்பகுதி அங்கே மதுவாகத்தான் பாட்டிலுக்குள் இறங்கியது. 2207.20 மட்டுமே ஐயத்துக்கு இடமில்லாமல் குடிப்பதற்கல்லாதது.

ஏன் இப்படிக் கலந்து கெடுக்க வேண்டும்? வரிக்காகத்தான். குடிக்கும் சாராயத்துக்குக் கடுமையான கலால் வரி. அதே வரியைச் சாயப் பட்டறையும் மருந்தாலையும் கட்டினால் தொழில் நடக்காது. பிரிட்டன் 1855-இலேயே மர நாப்தா கலந்த சாராயத்துக்கு வரிவிலக்கு கொடுத்தது. அமெரிக்கா அதே வழிக்கு வர 1906 ஆயிற்று. இன்று ஐரோப்பாவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், எம்இகே என்ற கரைப்பான், நாக்கில் பட்டாலே ஓட வைக்கும் கசப்புள்ள டினாட்டோனியம் பென்சோயேட் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கலக்கிறார்கள். அந்தக் கசப்பில் 100 லிட்டருக்கு 1 கிராம் போதும்.

இந்த இடத்தைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் வேகமாகக் கடக்கக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இதே கதை. மெத்தனால் பெயின்ட்டுக்கும் பிளைவுட் பசைக்கும் தேவைப்படுகிற, சட்டப்படி ஓடும் ஒரு தொழிற்சரக்கு. அது டேங்கரிலிருந்து பாதி வழியில் இறங்கினால் கொலைக்கருவி. தொழிற்சாலைச் சாராயத்துக்கு ஏன் இத்தனை உரிமம், இத்தனை பூட்டு, இத்தனை பதிவேடு என்று ஏற்றுமதியாளர்கள் சலித்துக்கொள்வதை நீ நேர்காணல்களில் கேட்பாய். அந்த ஊர்களில் அப்பாவை இழந்த பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சலிப்பைக் கேள்.

அந்தப் பூட்டு யார் கையில் என்பதிலும் நெடுங்கால வழக்கு உண்டு. பரேலியில் சாராயத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்த சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு தொழிற்சாலைச் சாராயம் மாநிலங்களின் ‘போதை தரும் மது’ அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லியிருந்தது. 2024 அக்டோபர் 23 அன்று 9 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, 8க்கு 1 என்ற கணக்கில் மாநிலங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாறுபட்டவர் நீதிபதி பி.வி. நாகரத்னா. இனி மாநில எல்லையைத் தாண்டி ஒரு டேங்கர் துறைமுகத்துக்குப் போவதற்கான செலவில் மாநிலக் கட்டணங்களின் கை ஓங்கலாம். 2024-க்குப் பிந்தைய எண்களைப் படிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

இப்போது இந்தியாவின் கோட்டுக்கு வருவோம். 2013-14-இல் நம் பெட்ரோலில் கலந்த எத்தனால் 38 கோடி லிட்டர். கலப்பு ஒன்றரை விழுக்காடு. 2018-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2022 ஜூனில் 10 விழுக்காட்டைத் தொட்டார்கள். 2023-24-இல் 700 கோடி லிட்டரைத் தாண்டியது. 2025-இல் 20 விழுக்காடு. எண்ணெய் நிறுவனங்கள் அரசு நிர்ணயித்த விலையில், உறுதியாக, வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்கின்றன. எந்த ஆலை கப்பலைத் தேடும்? மொலாசஸ் ஏற்றுமதிக்கும் 2024 ஜனவரி 18 முதல் 50 விழுக்காடு தீர்வை போட்டார்கள். நெதர்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போய்க்கொண்டிருந்த பாகு உள்நாட்டு டிஸ்டில்லரிக்குத் திரும்பியது.

பாதிக்கப்பட்டது ரசாயன ஆலை. காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் எத்தனாலிலிருந்து கிளைகால் செய்கிறது. மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அசெட்டிக் அன்ஹைட்ரைடு, எத்தில் அசெட்டேட் செய்யும் ஆலைகள் உண்டு. பல பத்தாண்டுகளாக மலிவான மொலாசஸ் சாராயத்தை நம்பிக் கட்டியவை இவை. அவற்றின் பங்கு பெட்ரோலுக்குப் போனதும் அமெரிக்கச் சோளத்து எத்தனாலை நாடின. நம் விதி, எரிபொருளுக்காக எத்தனாலை இறக்குமதி செய்ய விடாது. தொழிலுக்காக, பயன்படுத்துபவரே நேரடியாக வரவழைக்கலாம். 2023 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் ரசாயனத் தொழிலுக்கான டினேச்சர்டு எத்தில் ஆல்கஹாலுக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வையையே நீக்கினார்கள். இது எத்தனால் கலப்புத் திட்டத்துக்கும் துணை செய்யும் என்று நிதியமைச்சர் அப்போதே சொன்னார். நம் கரும்புச் சாராயம் பெட்ரோல் டேங்கில், அமெரிக்கச் சாராயம் நம் ரசாயன உலையில். உன் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, இதைத்தான் உன் ஆய்வில் நீ விரித்து எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த எத்தனால் எத்தில் அசெட்டேட்டாக மாறி மறுபடி கப்பலேறுகிறது. அப்போது அதன் குறியீடு 2915.31. கிளைகாலாகப் போனால் 2905.31. சாராயம் ஏற்றுமதியாகவில்லை என்று 2207 சொல்லும். வேறு அத்தியாயத்தில் அது வேறு பெயரில் போய்க்கொண்டிருக்கும். எத்தில் அசெட்டேட்டில் சீனாவோடு போட்டி போடும் ஏற்றுமதியாளர் நாம். இந்தப் பக்கங்களைச் சேர்க்காமல் இந்தியாவின் எரிசாராய ஏற்றுமதி சரிந்துவிட்டது என்று எழுதினால் பாதி உண்மைதான்.

பாகிஸ்தானில் நிலைமை நேர் எதிர். சிந்து, பஞ்சாப் மாகாணங்களில் கரும்பு உண்டு, மொலாசஸ் உண்டு, நவீன டிஸ்டில்லரிகள் உண்டு. குடிக்கும் சந்தை 1977-க்குப் பிறகு சட்டத்தால் சுருங்கிவிட்டது. பெட்ரோலில் கலக்கும் முயற்சி வேரூன்றவில்லை. மிஞ்சியது கராச்சித் துறைமுகம். ஒரு காலத்தில் மொலாசஸையே கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த நாடு, அதை வடித்து விற்றால் இன்னும் காசு என்று கண்டுகொண்டது.

அவர்களின் தலையெழுத்து ஐரோப்பியத் தீர்வை அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சாதாரணத் தீர்வை, கலக்காத சாராயத்துக்கு 100 லிட்டருக்கு 19.2 யூரோ, டினேச்சர்டுக்கு 10.2 யூரோ. 2002-இல் போதைப்பொருள் எதிர்ப்பில் ஒத்துழைக்கும் நாடு என்று பாகிஸ்தானுக்குத் தீர்வையில்லாச் சலுகை கிடைத்தது. அவர்களின் சரக்கு ஐரோப்பாவுக்குள் பாய்ந்தது. அந்தச் சலுகையை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது யார் தெரியுமா? இந்தியா. நம் கவலை துணிச் சந்தை பற்றியது. சாராயம் எண்ணத்திலேயே இல்லை. 2004 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் இந்தியா வென்றது. 2005 ஜூலையில் சலுகை ஒழிந்தது, பாகிஸ்தானின் எரிசாராய ஆலைகள் சந்தையை இழந்தன. திருப்பூருக்கும் லூதியானாவுக்கும் ஆதரவாக நடந்த வாதம் சிந்து மாகாணத்து டிஸ்டில்லரியைத் தாக்கியது. வணிகப் படிப்பில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

2014 ஜனவரி 1 முதல் ஜிஎஸ்பி பிளஸ் என்ற புதிய பெயரில் சலுகை திரும்பியது. மறுபடி கராச்சிச் சரக்கு பெருகியது. பிரான்சு உள்ளிட்ட சில உறுப்பு நாடுகள் எங்கள் சர்க்கரைப் பீட், கோதுமைச் சாராய ஆலைகள் படுத்துவிட்டன என்று முறையிட, 2025 ஜூனில் எத்தனாலுக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டார்கள். பாகிஸ்தான் சரக்கு பெரிதும் போனது எரிபொருளுக்கு அல்லாத தொழில்களுக்கு என்பதைக் கவனி. ஐரோப்பாவில் பெட்ரோலுக்குள் போகும் எத்தனாலுக்குச் சூழல் சான்றிதழ் வேண்டும்; கரைப்பானுக்கும் கிருமிநாசினிக்கும் போவதற்கு அது வேண்டாம். நீ தேடும் உணவல்லாத, எரிபொருளல்லாத எரிசாராயத்தின் தனிச்சந்தை கண்ணுக்குத் தெரியும் அபூர்வமான இடம் இது.

அமெரிக்காவையும் பிரேசிலையும் பற்றி அதிகம் எழுத மாட்டேன்; அவற்றுக்குத் தகவல் குவிந்து கிடக்கிறது. அமெரிக்கா 2024-இல் 190 கோடி கேலனுக்கு மேல் அனுப்பியது, அதுவரை இல்லாத உச்சம்; கனடா முதல் வாடிக்கையாளர். அது பெரும்பாலும் எரிபொருள், இந்தியாவுக்கு வருவதோ தொழிலுக்கு. பிரேசிலின் சரக்கில் தென் கொரியாவுக்குப் போகும் பங்கைப் பார். அங்கே பெட்ரோலில் எத்தனால் கலப்பதில்லை, ஆகவே அது மற்றத் தொழில்களுக்கானது.

கொள்கை எவ்வளவு வேகமாகக் கோட்டை முறிக்கும் என்பதற்கு 2020-ஐ எடுத்துக்கொள். கொரோனா வந்தது, கைக்கிருமிநாசினிக்கு உலகமே அலைந்தது. மே 6 அன்று ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. சர்க்கரை ஆலைகளும் மதுவாலைகளும் இரவு பகலாகத் தயாரித்துக் குவித்துவிட்டதால், ஜூன் 1 அன்று பம்ப் வைத்த புட்டிகளைத் தவிர மற்றவற்றுக்குத் தடை விலகியது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இந்த மேடு பள்ளம் தெரியாது. மாதக் கணக்கை எடு. அதே ஆண்டு ஜனவரியில் இலங்கை எத்தனால் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. பெல்வத்தை, செவனகலை சர்க்கரை ஆலைகளின் சாராயத்துக்கு வழிவிடத்தான்.

எண்களைக் கூட்டும்போது கவனிக்க வேண்டிய சில. அமெரிக்கர்கள் கேலனில் சொல்வார்கள், ஐரோப்பியர்கள் ஹெக்டோலிட்டரில், சிலர் டன்னில். 1 டன் எத்தனால் சுமார் 1,267 லிட்டர். தண்ணீரைவிட லேசானது என்பதால் 1,000 என்று போட்டால் கணக்கு கால்பங்கு தவறும். இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும், சர்க்கரைப் பருவம் அக்டோபரில், எத்தனால் வழங்கல் ஆண்டு முன்பு டிசம்பரில், 2023 முதல் நவம்பரில். நெதர்லாந்து என்று இருந்தால் ராட்டர்டாம் தொட்டிகளில் இறங்கிப் பிறகு ஜெர்மனிக்கோ பெல்ஜியத்துக்கோ போயிருக்கலாம்.

ஒரு முறையாவது துறைமுகப் பக்கம் போய் எத்தனால் ஏற்றிய ஐஎஸ்ஓ டேங்க்கைப் பார்த்துவிட்டு வா. 20 அடி இரும்புச் சட்டத்துக்குள் படுத்திருக்கும் எஃகு உருளை. ஏறக்குறைய 24,000 லிட்டர் கொள்ளும். விளிம்புவரை நிரப்ப மாட்டார்கள், வெயிலில் சாராயம் விரியும். பக்கவாட்டில் செஞ்சதுரத்தைச் சாய்த்து ஒட்டியது போன்ற தீ அடையாளமும் அதன் கீழ் எண் 3-உம், பக்கத்தில் 1170 என்ற ஐ.நா. எண்ணும் இருக்கும். வால்வில் முத்திரை. மேலே மூடியைத் திறந்து மாதிரி எடுப்பவர் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பமானியையும் பார்த்து, அட்டவணையில் வீரியத்தைத் தேடி எழுதுவார். உன் கணிப்பொறியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அந்த மனிதரின் பேனாவிலிருந்து தொடங்கியது.

இன்னொன்று எந்த ஏற்றுமதி அட்டவணையிலும் வராது. மொலாசஸிலிருந்து 1 லிட்டர் சாராயம் வடிக்கும்போது 8 முதல் 15 லிட்டர் ஸ்பென்ட் வாஷ் மிஞ்சுகிறது. காப்பிக் கஷாயம் போல் இருண்ட, கொதிக்கக் கொதிக்க வெளிவரும் கழிவுநீர். ஒரு துளியும் வெளியே விடக்கூடாது, செறிவூட்டி எரிக்கவோ உரமாக்கவோ வேண்டும் என்று இந்தியாவில் விதி இருக்கிறது. விதியைப் பின்பற்றும் ஆலைக்குச் செலவு ஏறுகிறது. பின்பற்றாத இடத்தில் கிணறு சிவக்கிறது. சாராயம் ராட்டர்டாமுக்குப் போய்விடும், ஸ்பென்ட் வாஷ் வடித்த ஊரிலேயே கிடக்கும். ஏற்றுமதி லாபத்தைப் பற்றி நீ எழுதும் அத்தியாயத்தில் இதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கு. வழிகாட்டிப் பேராசிரியர் ‘தலைப்புக்கு வெளியே’ என்றால் வாதாடு.

அடுத்த கட்டமாக, அட்டவணையை இப்படித் திருத்து. 2207.10, 2207.20 இரண்டையும் பிரி, 2915.31-ஐயும் 2905.31-ஐயும் பக்கத்தில் சேர். ஆண்டை விட்டுவிட்டு மாதமாக்கு. எல்லாவற்றையும் லிட்டருக்கு மாற்று, டாலர் மதிப்பைத் தனி வரிசையில் வை. மேலே ஒரு வரிசையில் நான் சொன்ன அரசாணைத் தேதிகளை எழுது. பாகிஸ்தானுக்கு 2025 ஜூனுக்குப் பிந்தைய மாதங்களை அவர்களின் ஏற்றுமதிப் பக்கத்தில் மட்டும் பார்க்காதே. தென் கொரியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் நாடுகளின் இறக்குமதிப் பக்கத்திலும் பார். ஐரோப்பாவில் கதவு சாத்தியதும் அந்தச் சரக்கு எந்த விலைக்கு எங்கே போனது என்பது அங்கேதான் தெரியும். அந்த ஒரு பகுதியை மட்டும் முதலில் முடித்து எனக்கு அனுப்பு, இந்தியப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவையும் மச்சானையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா